லொடலொட: கார்க் கதவின் உட்பலகை ஆட்டம் குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

பாயிரம் இல்லாத நூல் நூலே ஆகாது என்று நன்னூலார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், முதலில் அதை முடித்துவிடுகிறேன். ஆக்கியோன்: பதினொரு வருஷமாக ஒரே காரை ஓட்டி வருபவன். வழி: யாரும் காட்டவில்லை, பட்டறை பட்டறையாக அலைந்து கண்டது. எல்லை: வடக்கே எளாவூர் சோதனைச் சாவடி, தெற்கே நல்லூர் டோல்கேட், கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே திருவள்ளூர். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வட எல்லையாக வைத்தது தொல்காப்பியப் பாயிரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆந்திரா வந்துவிடும். ஆகவே இது தமிழின் வட விளிம்பில் நின்று செய்த ஆராய்ச்சி என்பதை அறிஞர்கள் கவனிக்க வேண்டும். கேட்போர்: காரில் உடன் வரும் மூன்று பேர். அவர்கள் கேட்பதுதான் பிரச்சினையே.

களத்தின் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. கார் என்ற பொருளை எங்கள் பக்கத்துக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. அதே திருவள்ளூரில் 2022-ல் சிட்ரோயன் சி3 வந்தது. எல்லை தாண்டினால் ஸ்ரீ சிட்டியில் 2016 முதல் இசுசூ. டயர் வேண்டுமென்றால் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின். கப்பலேற்ற எண்ணூர் துறைமுகம். பிறப்பு, செருப்பு, வழியனுப்பு எல்லாம் ஒரே மாவட்டத்தில். ஆனால் காரின் முதுமையை ஆராய்ந்தவர் யாரும் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த முயற்சி. (என் காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. வயசானால் எல்லாக் காரும் பேசும்.)

ஒலி முதலில் கேட்டது பெரியபாளையம் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டுக்கு முன்னால். காலை ஷிப்ட். வண்டியில் நாலு பேர், பெட்ரோல் செலவு பங்கு. முன்சீட்டில் குவாலிட்டி கன்ட்ரோல்காரர், பின்னால் அக்கவுண்ட்ஸ் சார், அவர் பக்கத்தில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தம்பி. லொடலொட என்றது. குவாலிட்டிக்காரர் “பின்கதவு சார்” என்றார். அக்கவுண்ட்ஸ் சார் “முன்கதவுதான், பின்னாடி ஒண்ணுமில்லை” என்றார். தம்பி தூக்கத்திலேயே “டிக்கி” என்றான். இதில் ஒரு விதி தெரிகிறது: ஒலி எப்போதும் அடுத்தவன் கதவில்தான் பிறக்கிறது. ஓட்டுநர் என்ற முறையில் நான் நீதிபதி. இடது பின்கதவே குற்றவாளி என்று அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

தீர்ப்பில் என் காதுக்குப் பங்குண்டு. இடது காதையும் வலது காதையும் ஒலி எட்டும் நேர வித்தியாசத்தையும், சத்தத்தின் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் நாம் திசையை அறிகிறோம் என்று ரேலி பிரபு 1907-ல் விளக்கினார். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலக்கணத்தார் கண் இமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்றார்கள். அந்த ஒரு மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான தடவை அடங்கும் வித்தியாசம் அது. திறந்த வெளியில் இந்தக் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரம், உள்ளே நாலு அபிப்பிராயம் என்று இருக்கிற இடத்தில் ஒலி முட்டி மோதித் திரும்பி வருவதால், ரேலி பிரபுவே வந்து உட்கார்ந்தாலும் “டிக்கி” என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். கார்த் தொழிலில் இந்தச் சத்தங்களை ‘பஸ், ஸ்குவீக், ராட்டில்’ என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ‘விர்’ என்பது அதிர்வு. ஸ்பீக்கரில் தவில் வாசிக்கும்போது வருவது. ‘கிறீச்’ என்பது உராய்வு; இரண்டு பரப்புகள் ஒட்டுவதும் வழுக்குவதுமாகச் சண்டை போடுவது. ‘லொடலொட’ என்பது மோதல். நடுவில் இடைவெளி இருந்து, இரண்டு பொருள் தட்டிக்கொள்வது. மூன்றாவது மட்டும் இரட்டைக்கிளவி என்பதை நோக்குக. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ‘லொட’ என்று தனியாக எதுவும் ஒலிப்பதில்லை. பலகை தனியே ஊமை, தகரம் தனியே ஊமை. இரண்டும் அரைகுறையாகச் சேர்ந்திருக்கும்போதுதான் பேச்சு. ஆகவே வைத்தியம் இரண்டே வகை: ஒன்று, இரண்டையும் முழுசாகச் சேர்த்துவிட வேண்டும், இல்லை, முழுசாகப் பிரித்துவிட வேண்டும்.

முழுசாகப் பிரிப்பதைச் சோழவர மரபு எனலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில் பல வருஷம் கார்ப் பந்தயம் நடந்த ஊர் சோழவரம். எடை குறைப்பதற்காகக் கதவின் உட்பலகையையே கழற்றி எறிவது பந்தயக் காருக்கு உலக வழக்கம். பலகை இல்லை, ஆட்டமும் இல்லை. குடும்பஸ்தனுக்கு இது உதவாது. கைபிடி எங்கே, தண்ணி பாட்டில் எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறது.

அடுத்தது திணிப்பு மரபு. மடித்த பஸ் டிக்கெட், தீப்பெட்டி அட்டை, கல்யாணப் பத்திரிகையின் ஓரம், சைக்கிள் டியூப் துண்டு என்று கிடைத்ததைக் கதவின் இடுக்கில் சொருகுவது. இதில் சைக்கிள் டியூபுக்கு மட்டும் நான் மரியாதை தருவேன். மற்றதெல்லாம் இரண்டு வாரத்தில் தானே உள்ளே விழுந்து புது சத்தமாகிவிடும். மூன்றாவது இளையராஜா மரபு. சத்தம் கேட்டதும் பாட்டை ஏற்றி வைப்பது. பாஸ் அதிகமானால் பலகை ‘விர்’ என்று சேர்ந்திசைக்கும் என்பதைத் தவிர இதில் குற்றம் சொல்ல முடியாது.

உடற்கூறு. கதவு என்பது இரண்டு தகரங்களுக்கு நடுவே கண்ணாடி இறங்கும் ஒரு பொந்து. அதற்குள்ளே ரெகுலேட்டர், பூட்டு, கம்பிகள், ஸ்பீக்கர். அதன் மேல் ஈரம் வராமல் ஒரு பிளாஸ்டிக் தாள். அதற்கும் மேலே நாம் கை வைக்கும் பலகை. பட்டறையில் ‘டோர் பேடு’ என்பார்கள். இதைப் பிடித்திருப்பது இரண்டு மூன்று ஸ்குருவும், ஓரம் முழுக்க நாய்க்குடை வடிவத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகளும். என் காரில் கதவுக்கு ஒன்பது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான். ஒரு தடவை சொருகுவதற்குச் செய்தது. இரண்டாவது தடவை பெருந்தன்மையால் பிடிக்கும். மூன்றாவது தடவை நடிக்கும். இதற்கு மேல் வெயில் வேறு. பிளாஸ்டிக் வெயிலில் எஃகைவிடப் பல மடங்கு நீளும். அக்னி நட்சத்திரத்தில் கம்பெனி ஷெட்டுக்கு வெளியே நாள் முழுக்க நின்ற காரில் பலகை ஒரு பக்கம் இழுக்க, தகரம் அசையாமல் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட கிளிப்பின் கழுத்து தளர்ந்துபோகிறது. பகல் ஷிப்டில் ஒரு ராகம், நைட் ஷிப்டில் வேறு ராகம் என்று வருவது இதனால்தான்.

சாலையையும் சொல்லியாக வேண்டும். கார்க் கம்பெனிகள் சோதனைத் தடங்களில் பெல்ஜியம் நாட்டுக் கற்சாலையைப் போலவே கல் பதித்து, அதில் வண்டியை ஓட்டி எது ஆடுகிறது என்று பார்க்கிறார்கள். காசு கொடுத்துப் பெல்ஜியத்தை இறக்குமதி செய்திருக்க வேண்டாம். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கலாம், 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக ஏறி இறங்கலாம் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் 1988-லேயே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமலே ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடைகள் சில எங்கள் வழியில் உண்டு. அவற்றை ஆய்வுக் கருவிகளாகவே பயன்படுத்தினேன். ஏறும்போது ஒரு லொட, இறங்கும்போது ஒரு லொட: இரட்டைக்கிளவி முழுமை பெற்றது.

என் தீர்ப்பின்படி இடது பின்கதவு ஒரு பட்டறையில் பிரிக்கப்பட்டது. அங்கே நிரபராதியான கதவைப் பிரித்து, ஸ்பாஞ்ச் திணித்து, ஒன்பது கிளிப்பில் இரண்டை உடைத்து, மீதியை வைத்து மூடி அனுப்பினார்கள். மறுநாள் முதல் அதுவும் பேச ஆரம்பித்தது. அக்கவுண்ட்ஸ் சார் ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்துகொள்ளாமல் வந்தார், அவ்வளவுதான்.

பிறகு கும்மிடிப்பூண்டி பஜார் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் போனேன். அவர் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. வெளியே நின்றபடி ஒவ்வொரு கதவின் பலகையையும் முஷ்டியால் தட்டிக்கொண்டே வந்தார், சந்தையில் தர்பூசணி தட்டுகிற மாதிரி. என் கதவுக்கு வந்ததும் நின்றார்.

“இன்னா சார், உங்க டோர்தான்.”

“என்னுடையதா? எனக்குப் பின்னாடிதானே கேட்குது.”

“உங்க காதுக்குப் பக்கத்துல இருந்தா பின்னாடிதான் கேக்கும். பேடக் கயட்டினா தெரிஞ்சிடும்.”

ஜன்னல் ஸ்விட்சுக்குக் கீழே இருந்த மூடியை நகத்தால் நெம்பினார். ஸ்குரு ஒன்று. கைபிடிக் குழிக்குள்ளே ஒன்று. பிறகு பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் ஓரத்தில் விட்டு, கிளிப்புக்கு நேராகக் கொண்டுபோய் இழுத்தார். ‘டப்’. பக்கத்தில் இன்னொரு ‘டப்’. “ஸ்குரு டிரைவர வுட்டு நெம்புனா பேடு கிழிஞ்சிடும், கிளிப்பும் போய்டும், கிளிப்பு எங்க கீதோ அங்கதான் இழுக்கணும்” என்றார். கீழ் ஓரமும் பக்கங்களும் விட்டதும் பலகையை மேலே தூக்கிக் கண்ணாடி ஓரத்திலிருந்து கழற்றி, ஒயர் சாக்கெட்டை எடுத்து, தன் முட்டியில் சாய்த்து வைத்தார். என் அறிவுக்கு எட்டாத ஒரு காரியத்தை இவ்வளவு சாதாரணமாகச் செய்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சிலப்பதிகாரத்தில் ஒரு சிலம்பின் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்பதில்தான் ஒரு அரசனின் உயிரே இருந்தது. வெளியே இரண்டு சிலம்பும் ஒன்றுதான். உடைத்த பிறகுதான் தெரிந்தது. கதவும் பொந்துள்ள சிலம்புதான் என்பது எனக்கு அன்று விளங்கியது. விசாரிக்காமல் தீர்ப்பு சொன்ன மன்னன் யார் என்பதும் விளங்கியது.

பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைப் பிரித்து மேஸ்திரி உள்ளே கைவிட்டார். வெளியே வந்தவை: தலை இல்லாத கிளிப் ஒன்று, எந்த ஓட்டைக்கும் பொருந்தாத ஸ்குரு ஒன்று, எழுத்து மங்கிப்போன டோல் ரசீது மூன்று, ஒரு ரூபாய்க் காசு ஒன்று. எங்கள் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்; அவற்றின் வயது பதினைந்து லட்சம் ஆண்டுகள் வரை போகும் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த மண்ணில் பிறந்தவன் படிவங்களைப் படிக்காமல் விடலாமா? ரசீதில் தேதி இல்லை. ஆனால் பாஸ்டேக் கட்டாயமானது 2021 பிப்ரவரியில். அதன் பிறகு நான் டோல்கேட்டில் காசு கொடுத்து ரசீது வாங்கியதே இல்லை. ஆக இந்தப் படிவம் அதற்கு முந்தையது. பாக்கியாக வந்த காசையும் சீட்டையும் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டு ஜன்னலை இறக்கிய ஏதோ ஒரு நாளில் அவை இடுக்கு வழியே உள்ளே போயிருக்கின்றன. குறைந்தது அவ்வளவு வருஷமாக என் கதவு என் காசை வைத்துத்தான் எனக்குத் தாளம் போட்டிருக்கிறது. நான் அக்கவுண்ட்ஸ் சாரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

காசு போனால் மட்டும் போதாது. தளர்ந்த கிளிப் இன்னும் இருக்கிறது. மேஸ்திரி ஒன்பதையும் மாற்றினார். பின்கதவுக்கும் இரண்டு எடுத்து வைத்தார். பிறகு பலகையும் தகரமும் தொடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, கறுப்புக் கம்பளித் துணி மாதிரி இருந்த டேப்பை அங்கங்கே ஒட்டினார். பெரிய தகரப் பரப்பின் நடுவில் தார்ப்பிசின் மாதிரி ஒரு ஷீட்டை அழுத்தினார். கதவின் அடியில் தண்ணி வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் விட்டார். “அத்த அடைச்சா கதவு துருப்புடிச்சிடும் சார், சத்தம் போறதுக்கு கதவே போய்டும்.”

இதன் இலக்கணம் எனக்கு அப்போதே பிடிபட்டது. ‘பட்டு’ என்று சொல்லிப்பாருங்கள்: வல்லினமும் வல்லினமும் மோதுகின்றன. ‘பண்டு’ என்று சொல்லுங்கள்: நடுவில் ஒரு ணகர மெய் வந்ததும் அதே டகரம் குழைந்துவிடுகிறது. தகரம் வல்லினம், பிளாஸ்டிக் வல்லினம். கம்பளி டேப் மெல்லினம். இதைச் சொன்னபோது மேஸ்திரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, “ஸ்விட்சு வேல செய்தான்னு பாரு சார்” என்றார்.

அதைப் பார்க்கத்தான் வேண்டும். பிரித்த கதவை மறுபடி மூடுவதும் புணர்ச்சிதான். விகாரம் மூன்று என்பார்கள். தோன்றல்: இல்லாத சத்தம் ஒன்று புதிதாக வருவது. திரிதல்: லொடலொட என்றது கிறீச் என்று மாறுவது. கெடுதல்: ஜன்னலே இறங்காமல் போவது. முந்தைய பட்டறையில் எனக்கு முதல் இரண்டும் நேர்ந்தன. இங்கே எதுவும் இல்லை. இலக்கணத்தார் இதை இயல்பு என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

மறுநாள் ஜனப்பன்சத்திரம் வரை வண்டியில் யாரும் பேசவில்லை. சத்தம் இல்லாததால் பேச விஷயமும் இல்லை. காசை ஆதாரப் பொருளாகக் கியர் பக்கத்துக் குழியில் வைத்திருந்தேன். கவரைப்பேட்டைக்கு முன்னால் முதல் வேகத்தடையில் கிணிகிணி என்றது. குவாலிட்டிக்காரர் திரும்பிப் பின்கதவைப் பார்த்தார். அக்கவுண்ட்ஸ் சார் எட்டி அந்தக் காசை எடுத்து, டீ குடிக்க நிறுத்தின இடத்தில் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.