அகலமான சாலைக்கு ஒரு லென்ஸ்

லைக்கா கேமராவில் வேற்று நிறுவன லென்ஸை மாட்டுவதைக் கலப்பு மணம்போலப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. 1999-இல் ஜப்பானின் கோசினா நிறுவனம் 15 மி.மீ. ஹீலியார் லென்ஸைக் கொண்டுவந்தபோது அதற்குச் சூட்டிய பெயர் ஃபோய்க்லண்டர். வியன்னாவில் 1756-இல் பிறந்த பெயர். குலப்பெருமைதான் அளவுகோல் என்றால் லைக்கா அதற்குப் பேரன் முறை. லைக்காவில் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரின் பெருமையோ, இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கித் துல்லியமாக ஃபோகஸ் செய்வது. அந்த முதல் ஹீலியார் அதனோடு இணைக்கப்படவே இல்லை, தேவையுமில்லை. எஃப் 8-இல் ஒரு மீட்டருக்கு வைத்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவு. லைக்காவின் வ்யூஃபைண்டரும் பெரும்பாலும் 28 மி.மீ.யோடு நின்றுவிடுவதால், பார்ப்பதற்குக் கேமராவின் தலைமேல் தனி வ்யூஃபைண்டர் வேறு. ஆக, லட்ச ரூபாய் உடம்புக்கு மிஞ்சுவது ஃபிலிமை இருட்டில் வைத்திருக்கும் வேலைதான்.

ஓரம் இருள்கிறதே என்பார்கள். இத்தனை அகலத்தில் அது ஒளியியல் விதி; எந்த முத்திரை குத்தினாலும் கொஞ்சம் இருளும். பொய் சொல்கிறது என்பதுதான் கனமான புகார். பெங்களூரு அருகே, ஆனேக்கல் சாலை ஓசூர் சாலையைத் தொடும் சந்தாபுராவில், மாலை நெரிசலை 15 மி.மீ.யில் எடுத்தால் பேருந்துகளுக்கிடையே மைதானமே தெரியும். நிலமெடுப்பில்லை, டெண்டரில்லை, சாலை விரிவாக்கம் முடிந்தது. ஆனால் பத்துக்குப் பத்து படுக்கையறையை மண்டபமாக்கி, ‘எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மிக அருகில்’ என்று விற்கும் விளம்பரங்களும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. அங்கே லென்ஸின் கோத்திரத்தை யாரும் விசாரிப்பதில்லை.