மரவள்ளிக்கு எத்தன பாயிண்டு?

வாடா பேராண்டி, குந்து. கழுத்துல என்னா அது, டையா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒத்திகையா? கத்திரி வெயில்ல மாட்டுக்கே மூக்கணாங்கயித்தத் தளத்தி வுடுவாங்க. நீ இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிற.

கருணாபுரத்துலேருந்து கெளம்பி, முப்பது வருசம் மரவள்ளி லோடு ஏத்தி எறக்குனவன் நான். சின்னசேலம் பக்கம் சேகோ ஆலைக்குப் போவும் லாரி. அங்க என்னா நடக்கும் தெரியுமா? குச்சி எம்மாம் ஒசரம் வளந்திச்சி, எல எப்புடிப் பச்சையா இருந்திச்சின்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். லோடுலேருந்து நாலு கெழங்க உருவுவான். மண்ணத் தட்டுவான். கூடையில போட்டு ஒரு எடை. அப்புறம் தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி இன்னொரு எடை. மாவு புடிச்ச கெழங்கு தண்ணியிலயும் கனம் காட்டும். மாவு ஏறாதது லேசாயிடும். முள்ளு நிக்கிற எடத்தப் பாத்து "28 பாயிண்டு"ம்பான். அந்தப் பாயிண்டுக்குத்தான் காசு.

வெல ஏறுதுன்னு கேட்டதும் பத்து மாசத்துக் கெழங்க ஏழு மாசத்துல புடுங்கியாந்து நிப்பான் ஒருத்தன். பாயிண்டு எறங்குனதும் தராசையே ஏசுவான். நீ எப்படா நட்ட? கம்பெனிக்காரன் வரான்னு நோட்டீசு ஒட்டுன அன்னிக்கித்தான?

சும்மா முறைக்காத. "நான் முதல்வன்"னு 2022ல ஆரம்பிச்சி காசு வாங்காம கத்துக்குடுக்குது அரசாங்கம். நீ என்னா பண்ண? போன சொம்புமேல சாச்சி வச்ச. வீடியோவ ஓடவுட்ட. குப்புறப் படுத்துக் கொறட்ட வுட்ட. போனு படிச்சிது, பட்டம் உனுக்கு வந்திச்சி. இப்ப பதினோரு சர்டிபிகேட்டு, பிளாஸ்டிக் உறை வேற. எக்செல் தெரியும்னு எழுதி வச்சிருக்க. நம்ம தெருவுல கூழு ஊத்துன வசூல் நோட்டக் குடுத்தனே, கூட்டித் தந்தியா? மூணு நாளு வச்சிருந்து முந்நூறு ரூவா கொறச்சலாக் கூட்டுன. மளிகக்கடக்காரரு வெரல மடக்கியே கண்டுபுடிச்சாரு. அண்டாவத் தூக்க ஆளு கூப்புட்டப்ப எங்கடா போன? ரெஸ்யூமுல மட்டும் "டீம் பிளேயர்"!

கடுக்கா பொறுக்கற கல்வராயன்மலைக்காரன்கூட சொத்தைய ஒதுக்கிட்டுத்தான் மூட்டையக் கட்டறான். நீ பதினொண்ணையும் அப்புடியே கட்டி வச்சிருக்க.

கம்பெனி இல்லன்னா குரூப் 4 இருக்குதுங்கறியா? 2019ல விழுப்புரத்துலேருந்து பிரிச்சி நம்ம கள்ளக்குறிச்சியத் தனி மாவட்டம் ஆக்குனாலும் ஆக்குனாங்க, இந்த ஊருல ஆளாளுக்குக் கலெக்டர் ஆபீசு நாற்காலிமேல கண்ணு. கணக்கு சொல்றன் கேளு. 2025 சூலையில நடந்த பரீட்சைக்கு மொதல்ல அறிவிச்சது 3,935 எடம். விண்ணப்பம் போட்டவங்க 13 லட்சத்து 89 ஆயிரம். அந்தக் கணக்குல ஒரு எடத்துக்கு முந்நூத்தம்பது பேரு! பத்தாவது முடிச்சாப் போதும்ங்கற பரீட்சைக்கு இஞ்சினீரும் வரிசையில நிக்கிறான். பயமுறுத்தறதுக்குச் சொல்லல. எழுது. காலேஜ் முடிச்சப்புறம் கோச்சிங் சென்டர்ல பணங்கட்டி ஒக்காரலாம்னு மட்டும் இருக்காத. இன்னிலேருந்தே தெனம் ஒரு மணிநேரம் ஒக்காரு. 200 கேள்வியில 100 தமிழு. அதுல நூத்துக்கு நாப்பது வரலன்னா மத்த பகுதியத் திருத்தவே மாட்டாங்க. நீதான் "தமிழு நம்ம பாஷதான, வுடு"ங்கற ஆளு.

இன்னொண்ணு. கண்ணாடி முன்னால நின்னு "மைசெல்ஃப்"னு பேசிப் பாத்தியே, நானுந்தான் கேட்டன். ஊரு பேரு வரச்ச மட்டும் ஏன் முழுங்குன? 2024 சூன்ல கள்ளச்சாராயத்துல அறுவதுக்கு மேல செத்தாங்க. நம்ம தெருவுல பாடைக்கு மேல பாட போச்சி. டிவியில ஊரு பேரு ஓடிச்சி. அதுல உன் தப்பு என்னாடா? எங்கேருந்து வரன்னு கேட்டா, கருணாபுரம்னு வாய் நெறயச் சொல்லு. கேக்கறவன் முகம் மாறுனா மாறட்டும். எங்கப்பன் ஆத்தா கூலிக்குப் போயி படிக்க வச்சாங்கன்னு அடுத்த வாக்கியத்தயும் சொல்லு. நீ மனப்பாடம் பண்ணி வச்சிருக்கற நாப்பது வரியில உன்னோடது ஒரு வரிகூட இல்ல. இதான் உன்னோடது.

சரி, டீ வருது. அந்தப் பேப்பரு ஓரத்துல ஒரு லீவு லெட்டரு எழுது பாக்கலாம், தமிழுல. என்னாடா முழிக்கிற? அஞ்சே வரிதான்.

எழுதிட்டியா? குடு. ம்... "விடுமுரை".

நான் அஞ்சாங்கிளாசுடா. எனக்கே கண்ண உறுத்துது. பெரிய ற போடு. இந்தா பேனா.