பாங்காக் ரிட்டர்ன்

ஒரு காலத்தில் 'லண்டன் ரிட்டர்ன்' என்று வாசலில் போர்டு மாட்டிய டாக்டர்கள் இருந்தார்கள். இப்போது அபார்ட்மெண்டுக்கு ஒருவர் பாங்காக் ரிட்டர்ன் இருக்கிறார். இவர் போர்டு மாட்டுவதில்லை, அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாடிப்படி நெடுக மீன் சாஸ் வாசனை இறங்கி வந்தால், எந்த ஃபிளாட் என்று வாட்ச்மேனே சொல்லிவிடுவார்.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று கதவைத் திறந்ததிலிருந்து இந்த இனம் பல்கிப் பெருகிவிட்டது. நாலு ராத்திரி, அஞ்சு பகல் பேக்கேஜ். இரண்டு நாள் பட்டாயா, மீதி பாங்காக். கோரல் ஐலண்டில் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு போட்டோ, சஃபாரி வேர்ல்டில் ஒட்டகச்சிவிங்கியோடு ஒன்று, சீலோம் ரோடு மாரியம்மன் கோயில் வாசலில் குடும்பத்தோடு ஒன்று. சாப்பாடுதான் இதில் விசேஷம். மதியமும் ராத்திரியும் டூர்க்காரர் கூட்டிப்போன இந்தியன் ரெஸ்டாரண்டில் ரொட்டி, தால், ஜீரா ரைஸ். நடுநடுவே பசித்தால் செவன் லெவன். அந்த நாட்டில் அந்தக் கடை 14,000-க்கும் மேல் இருப்பதால் பசிக்கிற இடத்திலெல்லாம் ஒன்று நிற்கும். ஆக, நம்மவர் உண்மையான தாய்லாந்து ஃப்ரைட் ரைஸை வாயில் வைத்தது ஒரே ஒரு தடவை. கடைசி ராத்திரி, பிரதூனாம் மார்க்கெட் பக்கம், ஒரு தள்ளுவண்டியில். அதுவும் மனைவி வாங்கிய தட்டில் பாதி.

அந்தப் பாதித் தட்டின் பலத்தில்தான் இன்று அவர் அதாரிட்டி.

ஊர் திரும்பியதும் பேச்சே மாறிவிடும். எந்த வாக்கியமும் 'அங்கெல்லாம்' என்றுதான் தொடங்கும். மனைவி கேரட் நறுக்கினால், "அங்கெல்லாம் இவ்ளோ பொடிசா நறுக்க மாட்டான்." அடுப்பைத் தணித்தால், "அங்கெல்லாம் தீயைக் குறைக்கவே மாட்டான்." அந்த 'மாட்டான்' யார் என்று விசாரித்தால், பிரதூனாமில் அன்று வண்டி போட்டிருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பூண்டைத் தட்டி எண்ணெயில் போட்டு, இறாலைப் புரட்டி, ஓரமாக ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஆறிய சாதத்தைக் கொட்டி, மீன் சாஸ் கொஞ்சம், சர்க்கரை ஒரு சிட்டிகை, வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள் என்று நாலு நிமிஷத்தில் தட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஓரத்தில் இரண்டு வெள்ளரித் துண்டு, ஒரு எலுமிச்சைத் துண்டு. அவ்வளவுதான் சமாசாரம். 'காவ் பாட்' என்று அங்கே சொல்கிற இந்தப் பண்டம், மிச்சச் சாதம் வீணாகாமல் இருக்க வந்த சாப்பாடு.

நம்மவர் அதை யாகமாக்கிவிட்டார்.

யாகத்துக்குச் சாமான் சேர வேண்டும். முதலில் அரிசி. "பொன்னியில பண்ணா அது எலுமிச்சை சாதம்" என்று சொல்லிவிட்டு, ஐந்து கிலோ பொன்னியின் விலை கொடுத்து ஒரு கிலோ ஜாஸ்மின் அரிசி வாங்கி வருகிறார். அம்மா பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "மல்லிப்பூ வாசனை எங்கடா?" என்கிறாள். வராது. அந்த வாசனைக்குக் காரணமான பொருள் பாஸ்மதியிலும் ரம்பை இலையிலும் இருப்பதுதான். ஆனால் நம்மவர் விட்டுக்கொடுக்காமல், "வேகும்போது வரும்மா" என்கிறார்.

அடுத்தது மீன் சாஸ். நெத்திலியையும் உப்பையும் கலந்து மாதக்கணக்கில், நல்ல சரக்கென்றால் ஒரு வருஷத்துக்கும் மேல், ஊறவிட்டு வடிக்கிற சாறு. மனைவி மூடியைத் திறந்து, "கருவாட்டுத் தண்ணிங்களா?" என்று கேட்கிறாள். தூத்துக்குடிப் பெண். கல்யாணமான புதிதில் அவள் அப்பா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை, 'ஃபிளாட்ல நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்று பஸ் ஸ்டாண்டிலேயே யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தவர் இவர். "கருவாடு வேற, நாம் பிளா வேற" என்று இப்போது விளக்குகிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகி வைக்கிறாள்.

கூடவே ஒரு பொட்டலம் எலுமிச்சம்புல், பேரரத்தை, இரட்டை இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த எலுமிச்சை வகை இலை. மூன்றும் டாம் யம் சூப்புக்கு உயிர். சாதாரண ஃப்ரைட் ரைஸ் பக்கம் அவற்றுக்கு வேலை இல்லை. நம்மவர் மூன்றையும் போடுகிறார். காசு கொடுத்து வாங்கியாயிற்றே. விருந்தாளிகள் நாரைத் துப்ப இடம் தேடுகிறார்கள்.

துளசி விஷயத்தைச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. அங்கே 'கப்ராவ்' என்ற இலையைப் போட்டும் ஒரு ஃப்ரைட் ரைஸ் உண்டு. கிடைக்கவில்லையே என்று ஒரு மாதம் ஏங்கினார். அது நம் துளசி இனமேதான், வாசனையில் கொஞ்சம் வித்தியாசம் என்று மகள் போனில் தேடிச் சொன்னாள். கத்திரிக்கோலோடு பால்கனிக்குப் போனார். மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "பெருமாளுக்குப் போடற துளசியைக் கோழிக்கறியோட வதக்கப் போறியா?" கத்திரிக்கோல் உள்ளே வந்துவிட்டது. அந்த ஐட்டம் மெனுவிலிருந்தே நீக்கப்பட்டது.

இதெல்லாம் முன்னுரை. அசல் கூத்து பழைய சோற்றில்தான்.

மத்தியானச் சாதத்தை ராத்திரி போட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர் இவர். "மனுஷன் திங்கிறதா இது?" என்று கேட்டவர். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, நாளைக்குப் பழையதாகட்டும் என்பதற்காகவே புதுச் சாதம் வடிக்கிறார். பழைய சோறு தயாரிக்க இவ்வளவு செலவழித்த மனிதன் தமிழ்கூறு நல்லுலகில் முன்பு இருந்ததில்லை.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஒப்புக்கொள்ள வேண்டும். சுடச்சுட வடித்த சாதத்தில் ஈரம் அதிகம், வாணலியில் போட்டால் குழையும். குளிரில் கிடந்தால் அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகி, மேற்பரப்பு காய்ந்து, பருக்கை பருக்கையாக உதிரும். ஜாஸ்மின் அரிசி பிறவியிலேயே கொஞ்சம் ஒட்டும் ஜாதி என்பதால் அதற்கு இந்த ஓய்வு இன்னும் அவசியம். தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கடியில் சீக்கிரமாக ஆற்றி, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அது விட்டுவைக்கும் விஷம் மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. இதையெல்லாம் அவர் அம்மாவுக்கு வகுப்பெடுக்கிறார். எழுபது வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வரும் அம்மா, "அப்படியா?" என்று கேட்டுக்கொள்கிறாள்.

சாதம் டப்பாவில் போய், டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது: 'தொடாதே. ஃப்ரைட் ரைஸுக்கு.' வீட்டில் எல்லாருக்கும் தனித்தனியாக வாய்மொழி உத்தரவும் உண்டு. ராத்திரி பையன் தயிருக்காக ஃபிரிட்ஜைத் திறந்தால்கூட ஹாலிலிருந்து "யாரது?" என்று குரல் வரும்.

ஞாயிறு காலை பார்த்தால் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

"அம்மா! டப்பால இருந்த சாதம்?"

"காலங்காத்தால மோர் ஊத்திக் கரைச்சுக் குடிச்சேன்டா. பழையது, வீணாப் போயிடக் கூடாதேன்னு. நல்ல குளுமை. வாசனை அரிசி இல்ல?"

"சீட்டு ஒட்டியிருந்தேனே!"

"கண்ணாடி இல்லாம எனக்கு எங்க தெரியுது?"

ஒரு மணிக்கு விருந்தாளிகள் பதினோரு பேர். திரும்பவும் உலை வைத்து, வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, பையனும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பழைய நாளிதழால் விசிற, அரைமணி நேரம் ஃப்ரீசரில். ஐஸ்கிரீம் வெளியே எடுக்கப்பட்டு உருகுகிறது.

பிறகுதான் சமையல். 'இன்னைக்கு நான் சமைக்கிறேன்' என்று இவர் சொன்னால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பூண்டு உரிப்பது, இறால் நரம்பெடுப்பது, வெங்காயத்தாள் அலசுவது, முட்டை அடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் மனைவி. வாணலியைக் குலுக்குவது அவர். குலுக்கலுக்குச் சாஸ்திரம் உண்டு. ஜார்ஜியா டெக் விஞ்ஞானிகள் இருவர் சமையல்காரர்கள் வாணலி குலுக்குவதைப் படம்பிடித்து 2020-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை குலுக்குகிறார்களாம். நம்மவர் அதை அரைகுறையாகக் கேட்டுவைத்திருக்கிறார். முதல் குலுக்கலில் கால் பங்கு சாதம் பர்னருக்குப் போகிறது. இரண்டாவதில் ஜன்னல் கம்பிக்கு. மூன்றாவதில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "கரண்டியால கிளறுங்க" என்கிறாள்.

அடுத்தது ஆள் கணக்கு. கடைகளில் வாணலிக்கென்று இருக்கும் அடுப்பு வீட்டு பர்னரைவிடப் பல மடங்கு சூட்டைக் கக்குவது. அந்தச் சூட்டிலேயே தள்ளுவண்டிப் பெண்மணி ஒரு தடவைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டுதான் போட்டார். நம்மவர் வீட்டு அடுப்பில் பதினோரு பேருக்கும் ஒரே ஈட்டில் கொட்டுகிறார். சூடு இறங்கி, ஆவி கிளம்பி, சாதம் வதங்குவதற்குப் பதில் வேக ஆரம்பிக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "நாலு முந்திரியும் நெய்யும் ஊத்துடா, வெண்பொங்கலாவே எடுத்துடலாம்" என்கிறாள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் தடையுத்தரவுகளைத் தளர்த்துவதில்லை. அன்னாசிப்பழத்தைக் குடைந்து அதன் ஓட்டில் பரிமாறுகிற வகைக்கு மனைவி, "வெறுமனே வெளுப்பா இருக்கே, கொஞ்சம் மசாலாத்தூள் போடட்டுமா?" என்றால் பதறிப்போகிறார். "மசாலாவா! அங்கெல்லாம்..." அங்கெல்லாம் அன்னாசி ஃப்ரைட் ரைஸின் மஞ்சள் நிறத்துக்கே காரணம் கறிப்பொடிதான். பையன் தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்தால் கையைத் தட்டிவிடுகிறார். தாய்லாந்திலேயே 'அமெரிக்கன் ஃப்ரைட் ரைஸ்' என்று ஒன்று உண்டு, அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. தக்காளி சாஸும் உலர்திராட்சையும் போட்டுக் கிளறி, பொரித்த கோழி, சாசேஜ், முட்டையோடு கொடுப்பார்கள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பிரியமான சாப்பாடு. விருந்தாளி ஒருவர் தயங்கித் தயங்கி ஊறுகாய் கேட்டால் முகம் சுருங்குகிறது. மீன் சாஸில் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு, தட்டுக்கு வந்தபின் அவரவர் நாக்குக்குத் தக்கபடி ஊற்றிக்கொள்வதுதான் அந்த ஊர் வழக்கம். தாய்லாந்துக்காரர் யாராவது அந்த நேரம் வீட்டுக்கு வந்தால் மனைவி கட்சியில்தான் சேருவார்.

பரிமாறும்போது மணி மூன்று. தட்டுக்குப் பக்கத்தில் யானை செதுக்கிய சாப்ஸ்டிக், சதுச்சாக் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. தாய்லாந்தில் அதை நூடுல்ஸுக்குத்தான் எடுப்பார்கள். சாதம் என்றால் வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் தள்ள, ஸ்பூன் வாய்க்குப் போகும். பசி பொறுக்காத பதினோரு பேரும் இந்த ஆராய்ச்சிக்குள் போகாமல் கையால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். "எப்படி இருக்கு?" என்கிறார். "வித்தியாசமா இருக்கு சார்" என்கிறார்கள். தமிழர்கள் நாகரிகமானவர்கள்.

மிச்சம் நிறைய விழுகிறது. அதை ராத்திரி சூடுபண்ணிக் கொடுத்தால், "பழசா?" என்று கேட்டுவிட்டுத் தோசை வார்க்கச் சொல்கிறார்.

வாசகர்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். மொத்தமாகத் தடுக்க முடியாது. ஒரு ஈட்டுக்கு ஒரு தட்டு, முதல்நாள் சாதம், நல்ல தீ, கையில் கரண்டி என்ற நான்கை மட்டும் சொல்லிக்கொடுங்கள். பொன்னியே போதும், உதிரியாக வடித்திருந்தால் நன்றாகவே வரும். இப்படிப்பட்டவர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நம்மவர் அடுத்த டூருக்குப் பணம் கட்டிவிட்டார், வியட்நாமாம். அந்த ஊர் 'ஃபோ' சூப்புக்கு மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டும். அவர் வீட்டம்மாவுக்கு என் வேண்டுகோள்: மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், சிலிண்டருக்கும் இன்றே புக் பண்ணிவிடுங்கள்.