ஓமத் தண்ணீரும் ஒரு ரத்தக்கட்டியும்

கேள்வி: காபி குடிக்கும்போது பெரியப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, காபி வேட்டியில் ஒழுகியது. வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. இருபது நிமிஷத்தில் சரியாகிவிட்டது. “வாயுதான், ஓமத் தண்ணி போதும்” என்கிறார் அத்தை. போதுமா? — ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஓமத் தண்ணீர் வயிற்றுக்குப் போகும், அடைப்பு மூளை ரத்தக்குழாயில். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்தோ, தாளம் தப்பித் துடிக்கும் இதயத்திலிருந்தோ கிளம்பிய ரத்தக்கட்டி அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம். தானாகக் கரைந்தது பெரியப்பாவின் அதிர்ஷ்டம். அடுத்தது கரையாமலும் போகலாம். அந்த ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். (அதனால் இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்காமல் போனிலேயே ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிட்டேன்.)

பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குமுன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி எமன். ஆகவே, ஆஸ்பிரினோடு ஓடிவரும் பக்கத்து வீட்டு அரை டாக்டரையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

மறுபடி வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. எப்போது தொடங்கியது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.