தாயில்பட்டியாரின் பனிமலைப் பயணம்: ஒரு பருவ ஆய்வு

பனிச்சறுக்கு மலையைக் குளிர்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு என்பது சுற்றுலா நூலோர் துணிபு. வெம்பக்கோட்டை வட்டம் தாயில்பட்டிக்கு இது செல்லாது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயில்பட்டியில் ஆண்டை வகுப்பது சூரியன் அல்ல, பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை. தீபாவளி கழிந்ததும் ஒரு மாதம் போல ஆபீஸ் அடைப்பு. போனஸில் மிச்சமும் லீவும் ஒருசேர வாய்ப்பது அப்போதுதான். எனவே நம்மவரின் 'குளிர்காலப் பயணம்' கார்த்திகையில் நிகழ்கிறது. மணாலிக்கு மேலே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள சோலாங் சரிவில் அந்த நேரம் புல் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். பனி கெட்டிப்படுவது தையில். அந்தத் தையில் நம்மவர் எங்கே? களத்தில் வெடியைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். மழை குறைந்த மண் என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கு ஊன்றியது. நல்ல வெயிலை விட்டுவிட்டு எவரும் ரயிலேற மாட்டார். அங்கே சறுக்கவும் இங்கே காயவும் சீசன் ஒன்றே என்பது இத்துறையில் இதுவரை கவனிக்கப்படாத உண்மை.

கோடைக்கு வருவோம். பள்ளி லீவில் போனால் சோலாங்கில் பச்சைப் புல்லும், ஆளை உள்ளே வைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் உருண்டையும் உண்டு. பனி 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய்க்கு ஏறிவிட்டிருக்கும். வழியெங்கும் கோட்டும் கம்பூட்சும் வாடகைக்குத் தரும் கடைகள். கோட்டுப் பைக்குள் முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன வேர்க்கடலைத் தோல். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: பருத்தி தவிர வேறு துணி உடுத்தி வெடிமருந்து ரூமுக்குள் நுழையக் கூடாது என்ற விதியில் பாதி ஆயுளைக் கழித்த போர்மேன், தலைமுதல் கால்வரை நைலானுக்குள் புகுகிறார். நடக்கையில் எழும் சரசரப்பு ஒவ்வொன்றுக்கும் பொறி பறக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். பனியை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

இடைக்குறிப்பு: மணாலி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூட வந்த சமையல்காரர் குக்கரை மறந்திருந்தால் சாம்பார் இல்லை. எத்தனையோ பயணங்களின் உண்மை வரலாறு இதுதான் என்பது நம் ஐயம்.

மறுப்பு ஒன்று உண்டு. 2020இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாகுல் பக்கம் போனால் சில ஆண்டுகளில் கார்த்திகையிலேயே பனி கிடைக்கும். ஏற்கிறோம், ஆனால் 'சில ஆண்டுகளில்' என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவர் எவர்?

இன்னொரு மறுப்பு, பொங்கல் லீவு. லீவே சில நாள்தான். சிவகாசியில் ரயிலேறி மணாலி சேரவே மூன்று நாள் போய்விடும். ஆகவே அறிஞர் சிலர் கொடைக்கானலைப் பரிந்துரைக்கின்றனர். தையில் அங்கே புல்தரையில் உறைபனி படிவதும், அதைப் பத்திரிகைகள் படம் போடுவதும் மெய்யே. வெயில் ஏறி எட்டு மணி ஆனால் அது உருகிவிடும். தாயில்பட்டி வேன் வத்தலக்குண்டில் டீக்கு நிற்பதே எட்டு மணிக்கு.