சுண்டுவிரல் முறிவு: லண்டனிலிருந்து ஒரு விளக்கக் கடிதம்

பெரியப்பா அவர்களின் மேலான கவனத்திற்கு,

இங்கிலாந்தில் வாழும் தமிழரின் கால் சுண்டுவிரலுக்கு முதல் எதிரி கட்டில் கால் ஆகும். வெள்ளைக்காரர் வீட்டுக்குள்ளும் பஞ்சுச் செருப்போடு நடமாட, தமிழரோ வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உலவுவதாலும், டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் மின்கட்டணத்துக்கு அஞ்சி விளக்கைப் போடாமல் படுக்கையறைக்குள் நுழைவதாலும், இம்மோதலில் கட்டிலே வெல்கிறது.

பாதத்திலுள்ள 26 எலும்புகளுள் 14 விரல்களுக்கு உரியவை. பெருவிரலுக்கு இரண்டும் ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் மும்மூன்றுமாக அமைந்த இவை விரலெலும்புகள் எனப்படும். இவற்றுள் ஒன்று முறிந்ததா என்பதை அடிபட்டவர் எழுப்பும் ஓலத்தின் அளவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. வீக்கமும், நீலம் பாரித்துக் கன்றுதலும், குறிப்பிட்ட ஓரிடத்தில் எலும்பைத் தொட்டதும் உயிர்போகும் வலியும், ஊன்றி நடக்க முடியாமையும் முறிவை உணர்த்துவன. ஆயினும் கடும் சுளுக்கிலும் இவை தோன்றக்கூடும். விரல் அசைந்தால் முறிவில்லை என்று ஊரில் சொல்லப்படுவது தவறு. முறிந்த விரலும் அசையும்.

இந்நிலையில் உறவினர் வாட்ஸ்அப்பில் முதலில் கேட்பது எக்ஸ்ரே படம். 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை காசு வாங்காமல் மருத்துவம் பார்ப்பதால், சுண்டுவிரலுக்குப் படம் எடுக்காமல் அனுப்புவது கஞ்சத்தனம் என்று குடியேறியோர் கருதுவதுண்டு. உண்மையில், விரல் கோணாமலும் தோல் கிழியாமலும் இருக்கையில், முறிவானாலும் சுளுக்கானாலும் சிகிச்சை ஒன்றே என்பதால் படத்தால் பயனில்லை.

அச்சிகிச்சையாவது, அடிபட்ட விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையே வியர்வையால் தோல் ஊறிப்போகாதபடி சிறிது பஞ்சு வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்காமல் பிளாஸ்திரியால் கட்டுவது. புத்தூர்க் கட்டில் மூங்கில் பத்தை செய்யும் வேலையை இங்கே பக்கத்து விரல் சம்பளமின்றிச் செய்கிறது. காலை உயர்த்தி வைத்து, குருமாவுக்கென்று வாங்கிய உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, இருபது நிமிடம் வரை ஒற்றடமிட்டால் வீக்கம் தணியும். வலிக்குப் பாரசிட்டமால் உண்டு. நடக்க, அகலமான, அடிப்பாகம் வளையாத காலணி வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் எலும்பு கூடிவிடும். எண்ணெய் தடவி நீவுவது மட்டும் கூடாது. முறிந்த எலும்பு அதனால் விலகக்கூடும்.

நடக்கையில் உடலை முன்னே உந்தித் தள்ளுவது பெருவிரலாதலால் அதன் முறிவுக்கு மருத்துவமனை செல்வது அவசியம். எந்த விரலாயினும் அது கோணினாலோ, தோல் கிழிந்து புண்ணானாலோ, மரத்து வெளுத்தாலோ அவ்வாறே. நீரிழிவு நோயாளிகளுக்கோ, உணர்நரம்பு மழுங்கியிருப்பின் முறிவே வலிக்காமல் போகலாம் என்பதால், மேற்கூறிய வீட்டு வைத்தியம் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே பெரியப்பா அவர்கள் கூரியரில் அனுப்பவிருக்கும் தைலத்தை நிறுத்திவைத்து, பதினைந்து ஆண்டுச் சர்க்கரையைச் சுமக்கும் தம் பாதங்களை இன்றிரவே நல்ல வெளிச்சத்தில் பார்த்து, வீக்கமோ சிவப்போ இருப்பின் நாளைக் காலையே மருத்துவரிடம் காட்டுமாறு வேண்டிக்கொள்ளப்படுகிறார்.