கோப்பை கொடுத்தவர் வீட்டுக்கு வரவே இல்லை

பேட்மின்டன் வெள்ளைக்காரன் ஆட்டமா, நம் ஊர் ஆட்டமா? (திண்டுக்கல் வாசகர்)

பெயர் வெள்ளைக்காரனுடையது. கிளாஸ்டர்ஷயரில் ப்யூஃபோர்ட் பிரபுவின் மாளிகைக்கு ‘பேட்மின்டன் ஹவுஸ்’ என்று பெயர். 1873-ல் அங்கே விருந்துக்கு வந்தவர்கள், மழை பிடித்துக்கொண்டதால் கூடத்துக்குள் ஆடிய ஆட்டம் இது என்று ஒரு கதை உண்டு. ஆனால் 1863-லேயே ‘கார்ன்ஹில்’ என்ற லண்டன் பத்திரிகை, ஐந்தடி உயரத்தில் கட்டிய கயிற்றுக்கு இருபுறமும் நின்று இறகுப்பந்தைத் தட்டுவதை பேட்மின்டன் என்றே எழுதிவிட்டது. மழை பத்து வருடம் தாமதம்! இந்தப் பக்கம் புனேயில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளும் ஆடி, விதிகள் எழுதினார்கள். ‘பூனா’ என்றே இதற்கு ஒரு பெயர் இருந்தது.

தாத்தா ஆடிய பூப்பந்தும் இதுவும் ஒன்றுதானே? (கும்பகோணம் வாசகி)

பங்காளிகள். பூப்பந்துக்குக் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். 1856-லேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். காற்றடித்தாலும் கம்பளிப் பந்து சொன்ன பேச்சு கேட்கும். இறகுப்பந்து அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடும்.

ஆரம்பத்திலிருந்தே கோர்ட் இப்படித்தானா? (சேலம் வாசகர்)

1901 வரை உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்திருந்தது. 1899-ல் முதல் ஆல் இங்கிலாந்து போட்டி நடந்ததும் அந்த உடுக்கையில்தான்.

செஸ் ஆடுகிறவனுக்கு உடம்பு வணங்காது என்கிறாள் என் மனைவி. உண்மையா? (மதுரை வாசகர்)

சர் ஜார்ஜ் தாமஸைக் காட்டுங்கள். பிரிட்டிஷ் செஸ் சாம்பியன், இரண்டு முறை. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் செஸ் மேதைகளான காப்பபிளாங்காவையும் போட்வின்னிக்கையும் ஒரே தொடரில் சாய்த்தவர். அதே மனிதர் ஆல் இங்கிலாந்து பேட்மின்டனில் வென்ற பட்டங்கள் 21. 1934-ல் ஒன்பது நாடுகள் சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது அவர்தான் தலைவர். ஒன்பதில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை.

அவர் ஒரு கோப்பையும் கொடுத்தார். உலகப் போர் குறுக்கே வந்ததால் 1949-ல்தான் முதல் தாமஸ் கோப்பை நடந்தது. இங்கிலாந்திலேயே பிரெஸ்டன் நகரில் இறுதிப்போட்டி. மலாயாக்காரர்கள் டென்மார்க்கை 8-1 என்று புரட்டிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான் என்று ஆசியாவுக்குள்ளேயே சுற்றிய கோப்பை, 2016-ல்தான் முதல் முறையாக ஐரோப்பாவுக்கு, டென்மார்க்குக்குப் போனது. 2022-ல் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என வென்று நாமும் வாங்கிவிட்டோம். கொடுத்தவர் ஊரான இங்கிலாந்து இன்னும் ஒரு முறைகூட வாங்கவில்லை. உங்கள் மனைவி இதற்கும் ஏதாவது சொல்வார். அதை எனக்கு எழுத வேண்டாம்.

தோற்பதற்காகவே யாராவது ஆடியிருக்கிறார்களா? (நாகர்கோவில் வாசகர்)

2012 லண்டன் ஒலிம்பிக்கில், பெண்கள் இரட்டையரில். அடுத்த சுற்றில் சுலபமான எதிராளி கிடைக்கட்டும் என்று, வலையைத் தாண்டாமல் சர்வீஸ் போட்டார்கள். சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவின் எட்டு பேரை வெளியேற்றினார்கள். தோற்பதிலும் போட்டி!

ஒரு பந்தில் எத்தனை இறகு? என் மகன் கேட்கிறான். (வேலூர் வாசகி)

16. பிய்த்து எண்ணிப் பார்த்த பந்தைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.